வெற்றுத்தாளில் தொடங்கிய திருப்புதல்

அரையாண்டுத் தேர்வு விடைத்தாள்களைத் திருத்திக்கொண்டிருந்தபோது ஒரு மாணவியின் தாளில் என் சிவப்புப் பேனா நின்றுவிட்டது. ‘கடைசிப் பாடம்’ கதையில் ஆசிரியர் ஹேமெல் தம் மாணவர்களிடமும் ஊராரிடமும் எப்படி விடைபெற்றார் என்பது வினா. அவள் எழுதியிருந்ததோ, பறக்கப் பயந்த கடற்பறவைக் குஞ்சின் கதை. ஒரு பக்கம் முழுவதும் எழுதியிருந்தாள். ஓர் எழுத்துப்பிழை இல்லை. காற்புள்ளிகள்கூடக் கைடில் இருந்த இடத்திலேயே இருந்தன. ஐந்துக்குப் பூஜ்யம்தான் போட முடிந்தது.

மறுநாள் தனியே அழைத்துக் கேட்டேன். “நீங்கதான டீச்சர் சொன்னீங்க, ஒரு பத்தியை நல்லா மனப்பாடம் பண்ணு, எது கேட்டாலும் அதை எழுதிட்டு வான்னு” என்றாள்.

அவள் சொன்னது உண்மை. மெல்லக் கற்போர் பட்டியலில் இருந்த பிள்ளைகளுக்கு ஒரு உரைநடைப் பத்தி, ஒரு செய்யுள் பத்தி, ஒரு துணைப்பாடக் கதை என்று குறித்துக் கொடுத்து, “இது போதும், தேறிவிடலாம்” என்று சொன்னவள் நான்தான். அவள் என்னை நம்பி இரவெல்லாம் படித்திருக்கிறாள். அந்தப் பத்தி எதைப் பற்றியது என்று தமிழில் கேட்டேன். “பறவை டீச்சர்” என்றாள். பறவைக்கு என்ன ஆயிற்று என்று கேட்டேன். பதில் இல்லை.

அன்று முதல் அந்த ஆண்டின் திருப்புதலை வேறு விதமாகச் செய்து பார்த்தேன். அதில் பயன்பட்டவற்றையும் பயன்படாதவற்றையும் சக ஆங்கில ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

வீட்டில் படிக்கச் சொல்ல முடியாத பிள்ளைகள்

மல்லாங்கிணற்றைச் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகள் பலருக்கு, காலையில் எழும்போதே அம்மா வீட்டில் இருக்கமாட்டார். பட்டாசு ஆலை வேன் விடியலிலேயே வந்துவிடும். சோறு வடிப்பது, தம்பியைக் கிளப்பிவிடுவது, தண்ணீர் பிடிப்பது எல்லாம் முடித்துத்தான் பத்தாம் வகுப்புப் பெண் பள்ளிக்கு வருகிறாள். அம்மா திரும்பும்போது மாலை ஆகிவிடும். ஆங்கிலத்தில் ஒரு வரியைப் படித்துச் சொல்லிக்கொடுக்க வீட்டில் ஆள் இல்லை. ஆகவே ‘வீட்டில் படித்து வா’ என்பதைத் திருப்புதல் திட்டத்திலிருந்து நீக்கினேன். படிப்பு, எழுத்து, திருத்தம் மூன்றும் பள்ளி நேரத்திலேயே முடியவேண்டும். இந்த ஒரு முடிவுதான் மற்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது.

முதலில் வினாத்தாளை நாம் படிப்போம்

2019–20 கல்வியாண்டு முதல் பத்தாம் வகுப்பு ஆங்கிலம் ஒரே தாளாக, 100 மதிப்பெண்ணுக்கு, மூன்று மணி நேரத் தேர்வாக நடக்கிறது. ஒரு மதிப்பெண் வினாக்கள் 14. இரண்டு மதிப்பெண் வினாக்கள் 10, அதாவது 20 மதிப்பெண். ஐந்து மதிப்பெண் வினாக்கள் 10, அதாவது 50 மதிப்பெண். எட்டு மதிப்பெண் வினாக்கள் 2, அதாவது 16 மதிப்பெண்.

இந்தக் கணக்கு நமக்கெல்லாம் தெரியும். ஆனால் இதை இன்னொரு விதமாக நான் கூட்டிப் பார்த்ததில்லை. கைடுப் பத்தி எதையும் மனப்பாடம் செய்யாத பிள்ளைக்கு இந்தத் தாளில் எவ்வளவு இருக்கிறது? வழிகாட்டும் வரைபடத்துக்கு 2. விளம்பரம், கடிதம், அறிவிப்பு, படம் பார்த்து எழுதுதல், குறிப்பெடுத்தல், பிழை நீக்கல் ஆகிய ஆறில் நான்குக்கு 20. துணைப்பாடப் பத்தியைக் கொடுத்துக் கேட்கும் வினாக்களுக்கு 5. கொடுத்துள்ள பத்தியையோ பாடலையோ படித்து விடையெழுதுவதற்கு 8. மனப்பாடப் பாடலுக்கு 5. கூட்டினால் 40. தேர்ச்சிக்கு வேண்டியது 35.

மனப்பாடப் பாடல் ஒன்றைத் தவிர, இந்த 40-இல் எதற்கும் பத்தி பத்தியாக நெட்டுருச் செய்யத் தேவையில்லை. படித்துப் புரிந்துகொள்ளவும், ஒரு வாக்கியத்தைத் தானாக அமைக்கவும் தெரிந்தால் போதும். நானோ பிள்ளைகளின் நேரம் முழுவதையும் உரைநடைப் பத்தி என்னும் சூதாட்டத்தில் செலவழிக்க வைத்திருந்தேன். ஏழு பாடங்களில் ஒன்றை மட்டும் படித்துவிட்டு, அது வரவேண்டும் என்று வேண்டிக்கொள்வதைத் திருப்புதல் என்று எப்படிச் சொல்வது?

மூடிவைத்து எழுதுதல்

ஜனவரி முதல் வாரத்தில் வகுப்பில் எல்லாருக்கும் ஒரு வெற்றுத்தாள் கொடுத்தேன். புத்தகம், கைடு, நோட்டு எல்லாம் பைக்குள். “முதல் பாடத்தில் உங்களுக்கு நினைவிருப்பதை எழுதுங்கள். தமிழில் எழுதினாலும் சரி, படம் வரைந்தாலும் சரி. ஏழு நிமிடம்.” முதல் நாள் பல தாள்கள் வெறுமையாகவே திரும்பின. சிலர் பறவை வரைந்திருந்தார்கள். அதன் பிறகு புத்தகத்தைத் திறக்கச் சொல்லி, விட்டுப்போனதை வேறு நிற மையில் சேர்க்கச் சொன்னேன்.

இது நான் கண்டுபிடித்த முறை அல்ல. 2006-ஆம் ஆண்டில் அமெரிக்க உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் வெளியிட்ட ஆய்வு ஒன்று நன்கு அறியப்பட்டது. ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தவர்கள், ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முன்னே நின்றார்கள். ஒருமுறை படித்துவிட்டு, மூடிவைத்து நினைவுகூர்ந்து எழுதிப் பழகியவர்கள், ஒரு வாரம் கழித்து வைத்த தேர்வில் முன்னே நின்றார்கள். திரும்பப் படிக்கும்போது ‘எனக்குத் தெரியும்’ என்ற உணர்வு வருகிறது. அது கண்ணுக்குப் பழகியதால் வரும் உணர்வு. தேர்வறையில் கண் முன்னே பக்கம் இருக்காது.

நம் ஊர்த் திண்ணைப் பள்ளிகளில் முறை வைத்து ஒப்பித்ததிலும் இந்த உண்மையின் ஒரு பாதி இருந்தது. மறு பாதி, ஒப்பிப்பதன் பொருளைப் புரிந்துகொள்வது. இரண்டும் சேரவேண்டும்.

ஒரு பாடத்தை இன்று எழுதினால், மூன்று நாள் கழித்து ஒருமுறை, பத்து நாள் கழித்து ஒருமுறை மீண்டும் வெற்றுத்தாள். இடைவெளிவிட்டுத் திரும்பினால் நினைவு நிற்கும் என்பதை ஜெர்மானிய அறிஞர் எபிங்ஹாஸ் 1885-லேயே தம்மையே சோதித்து எழுதிவைத்திருக்கிறார். கரும்பலகையின் ஓரத்தில் எந்தப் பாடம் எந்த நாளில் திரும்ப வருகிறது என்று குறித்துவைத்தேன். அதைப் பிள்ளைகளே என்னைவிடக் கவனமாகப் பார்த்துக்கொண்டார்கள்.

ஐந்து கேள்வி, ஐந்து வாக்கியம்

உரைநடைக்கும் துணைப்பாடத்துக்கும் கைடுப் பத்திக்குப் பதிலாக ஐந்து கேள்விகளை வைத்துக்கொண்டோம். யார்? எங்கே? என்ன விரும்பினார், அல்லது எதற்குப் பயந்தார்? என்ன நடந்தது? கடைசியில் என்ன ஆனார்? முதலில் தமிழில் வாய்மொழியாகச் சொல்லவேண்டும். பிறகு ஒவ்வொரு கேள்விக்கும் ஆங்கிலத்தில் ஒரு சிறு வாக்கியம், இறந்த காலத்தில்.

‘கடைசிப் பாடம்’ கதையைத் தமிழில் பேசியபோது வகுப்பு விழித்துக்கொண்டது. பிரெஞ்சு எழுத்தாளர் அல்போன்ஸ் தோதே, 1870–71 போரில் அல்சாஸ் பகுதி ஜெர்மனியின் கைக்குப் போன பின்னணியில் எழுதிய கதை. நாளை முதல் உன் மொழியில் பாடம் இல்லை என்றால் உனக்கு எப்படி இருக்கும் என்று கேட்டேன். மொழிக்காகப் போராடிய வரலாறு உள்ள மாநிலத்துப் பிள்ளைகளுக்கு அதற்குமேல் விளக்கம் தேவைப்படவில்லை. “அப்ப ஊர்க்காரங்க ஏன் டீச்சர் பின்பெஞ்சுல வந்து உக்காந்தாங்க?” என்று ஒரு பையன் கேட்டான். அந்தக் கேள்விக்கான விடைதான் ஐந்து மதிப்பெண் பத்தியின் மையம். அது தமிழில் பிடிபட்டதும், ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியம் எழுதுவது பெரிய மலையாக இல்லை.

ஆங்கில வகுப்பில் தமிழ் பேசுவது தவறு என்று பயிற்சிக் காலத்தில் நான் நம்பியிருந்தேன். பொருள் புரிய ஐந்து நிமிடம் தமிழ், எழுதவும் பேசவும் மீதி நேரம் ஆங்கிலம் என்ற அளவில் வைத்துக்கொண்டால் அது தடையாக இல்லை, படியாகவே இருக்கிறது.

தமிழ் இலக்கணத்தைத் துணைக்கு அழைத்தல்

செய்யுள் நயம் கேட்கும் வினாக்களில் பிள்ளைகள் பெயர்களைக் குழப்பிக்கொள்வார்கள். அவர்களுக்கு ஏற்கெனவே தெரிந்த தமிழ் அணிகளோடு சேர்த்துச் சொன்னேன். அடிதோறும் இறுதியில் ஒத்து வருவது நம் இயைபு. ஆங்கிலத்தில் அதுவே ரைம். பலரும் எதுகை என்று சொல்லிவிடுகிறார்கள். எதுகை இரண்டாம் எழுத்து ஒன்றி வருவது, அது வேறு. முதல் ஒலி ஒன்றி வரும் அலிட்டரேஷன் நம் மோனைக்கு நெருங்கியது. ஆனால் ஆங்கிலத்தில் எழுத்தைப் பார்க்கக்கூடாது, ஒலியைக் கேட்கவேண்டும். கத்தியைக் குறிக்கும் நைஃப் என்ற சொல் ‘கே’ என்ற எழுத்தில் தொடங்கினாலும், அதன் மோனை ‘ந’ ஒலியோடுதான். சிமிலி உவமை, மெட்டஃபர் உருவகம்.

உயிரற்றதை மனிதராக்கிப் பேசவைப்பது பெர்சானிஃபிகேஷன். இதைத் தற்குறிப்பேற்ற அணி என்று சொல்லிவிடக்கூடாது. இயல்பாக நடக்கும் ஒன்றின்மேல் கவிஞர் தம் கருத்தை ஏற்றுவது தற்குறிப்பேற்றம். ரட்யார்ட் கிப்ளிங்கின் இயந்திரப் பாடலில் இயந்திரங்களே ‘நாங்கள்’ என்று பேசுகின்றன. அதை ஒருமுறை காட்டினால் போதும், பெர்சானிஃபிகேஷன் மறக்காது.

அயற்கூற்றில்தான் எனக்கே ஒரு தெளிவு கிடைத்தது. ‘நான் நாளை வருகிறேன்’ என்று அவன் சொன்னான் என எழுதும்போது, தமிழின் ‘என்று’ சொன்ன பேச்சை அப்படியே வைத்துக்கொள்கிறது. ஆங்கிலத்தில் ‘ஐ’ என்பது ‘ஹீ’ ஆகவேண்டும், ‘வில்’ என்பது ‘வுட்’ ஆகவேண்டும், ‘டுமாரோ’ என்பது ‘தி நெக்ஸ்ட் டே’ ஆகவேண்டும். பிள்ளைகள் தடுமாறுவது இயல்புதான். ஆனால் அவர்கள் வீட்டுப் பேச்சில் இதற்கு ஒரு வழி இருக்கிறது. அம்மா போனில் “நான் வேன் ஏறிட்டேன்” என்கிறார். பிள்ளை உடனே ஆச்சியிடம் “அம்மா வேன் ஏறிட்டாங்களாம்” என்கிறாள். ‘நான்’ எங்கே போனது? ‘ஏறிட்டேன்’ எப்படி ‘ஏறிட்டாங்க’ ஆனது? அந்த ‘ஆம்’ ஒட்டுக்குள் ஆங்கிலம் கேட்கும் ஆள் மாற்றம் முழுவதும் இருக்கிறது. “முதல்ல ‘ஆம்’ போட்டுச் சொல்லிப்பாரு, யார் மாறுதுன்னு தெரியும். அதுக்கப்புறம் காலத்தை மாத்து” என்று சொல்லிக்கொடுத்தபின், ஆளை மாற்றாமல் எழுதும் பிழை வெகுவாகக் குறைந்தது.

பிழை நீக்கலுக்கும் இதே வழிதான். நம் பிள்ளைகள் செய்யும் பிழைகளுக்குத் தமிழில் காரணம் உண்டு. தமிழில் ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ போன்றவை இல்லை, ஆகவே விட்டுவிடுகிறார்கள். ‘அதைப் பற்றி விவாதித்தோம்’ என்று நினைப்பதால் ‘டிஸ்கஸ்டு அபௌட்’ என்று எழுதுகிறார்கள். ‘போகவில்லை’ என்பதில் காலம் ஒளிந்திருப்பதால், ஆங்கிலத்தில் இரண்டு இடத்திலும் காலத்தைக் காட்டி ‘டிட் நாட் வென்ட்’ என்று எழுதுகிறார்கள். “தவறு” என்று கோடு போடுவதைவிட, எந்தத் தமிழ் வாக்கியத்திலிருந்து அந்தப் பிழை வந்தது என்று காட்டினால் அடுத்த முறை தாங்களே பிடித்துவிடுகிறார்கள்.

பட்டாசுப் பெட்டி சொல்லும் ஆங்கிலம்

நம் மாவட்டத்தில் ஆங்கிலம் எங்கும் அச்சாகிக் கிடக்கிறது. சிவகாசி அச்சகங்களின் நாட்காட்டி, நோட்டு அட்டை, பட்டாசுப் பெட்டி, தீப்பெட்டிச் சீட்டு. பிள்ளைகளை வெற்றுப் பெட்டிகளையும் அட்டைகளையும் கொண்டுவரச் சொன்னேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு பெட்டி.

முதலில் செயப்பாட்டுவினை. பெட்டியின் அடியில் ‘மேட் இன்’, ‘மேனுஃபேக்சர்டு பை’, ‘பேக்டு’ என்றெல்லாம் இருக்கும். எல்லாம் வினையின் மூன்றாம் வடிவம். செய்தவர் முக்கியமில்லை, செய்யப்பட்ட பொருள் முக்கியம் என்னும் இடத்தில் ஆங்கிலம் இப்படிப் பேசுகிறது. “சிவகாசியில செய்றாங்க” என்று நாம் பேசுவதை, “பட்டாசு சிவகாசியில் செய்யப்படுகிறது” என்று எழுதுகிறோம் அல்லவா, அதுதான் இது என்றேன். ‘பை’ என்ற சொல்லுக்குப் பின் வருபவர்தான் செய்தவர் என்பதைப் பெட்டியே கற்றுக்கொடுத்தது.

அடுத்து ஏவல் வாக்கியம். திறந்த வெளியில் கொளுத்து, கையில் பிடிக்காதே, பக்கத்தில் தண்ணீர் வை, பெரியவர்கள் உடனிருக்கட்டும் என்ற எச்சரிக்கைகள் எல்லாம் எழுவாய் இல்லாமல் வினையில் தொடங்கும். இதே அமைப்புத்தான் வரைபட வினாவுக்கும் வேண்டும்: ‘கோ ஸ்ட்ரெய்ட்’, ‘டர்ன் லெஃப்ட்’. வரைபடத்தில் பிள்ளைகள் இடது வலது மாற்றி எழுதுவதற்குக் காரணம், தாளில் கீழ்நோக்கிப் போகும்போது திசை மாறுவதை அவர்கள் உணராததுதான். மைதானத்தில் சுண்ணாம்புப் பொடியால் தெரு வரைந்து, பேருந்து நிறுத்தம், அஞ்சலகம், பள்ளி என்று பெயர் வைத்து நடக்கவைத்தேன். ஒரே பாடவேளையில் அந்த இரண்டு மதிப்பெண் எல்லாருக்கும் உறுதியாயிற்று.

பிறகு அதே பெட்டியை வைத்து விளம்பரம், தீபாவளிப் பாதுகாப்பு பற்றிப் பள்ளி அறிவிப்பு, நாளிதழ் ஆசிரியருக்குக் கடிதம். ஒரு பொருள், மூன்று வடிவம். வடிவம் மட்டும் மாறுகிறது, சொற்கள் ஏற்கெனவே கையில் இருக்கின்றன என்பதைப் பார்த்ததும் எழுதத் தயங்கியவர்களும் எழுதினார்கள்.

மனப்பாடப் பாடல்

இங்கு மட்டும் நெட்டுருவுக்கு மாற்று இல்லை. ஆனால் இதிலும் மூடிவைத்து எழுதும் முறையே உதவியது. பாடலின் ஒவ்வொரு சொல்லுக்கும் முதல் எழுத்தை மட்டும் பலகையில் எழுதுவேன். அதைப் பார்த்து முழு வரியைச் சொல்லவேண்டும். இரண்டாம் நாள் ஒவ்வொரு வரிக்கும் முதல் எழுத்து மட்டும். மூன்றாம் நாள் பலகை வெறுமை. எழுத்துக்கூட்டல் தவறும் சொற்களைத் தனியே ஐந்தைந்தாகப் பிரித்துக்கொண்டோம்.

நடந்ததும் நடக்காததும்

எல்லாம் கைகூடியது என்று சொல்லமாட்டேன். ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் பாதி நாள் பள்ளிக்கு வராத இருவர் பொதுத்தேர்வில் தேறவில்லை. எந்த முறையும் வகுப்பறையில் இல்லாத பிள்ளையை எட்டுவதில்லை. அவர்கள் வீட்டுக்கு இன்னும் முன்னதாகப் போயிருக்கவேண்டும் என்று இப்போது நினைக்கிறேன். துணைத்தேர்வுக்கு அவர்களோடு கோடை விடுமுறையில் உட்கார்ந்தேன். அதில் ஒருவன் தேறினான். நன்றாகப் படிக்கும் பிள்ளைகள் சிலர் ஐந்து வாக்கிய முறையை ஒரு வசதியாக எடுத்துக்கொண்டு அதற்குமேல் எழுத மறுத்தார்கள். அவர்களுக்கு ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘ஏன்’ என்று இன்னொரு வாக்கியம் சேர்க்கும் பணியைப் பின்னர் கொடுத்தேன். அதை முதலிலேயே செய்திருக்கலாம்.

அந்த மாணவியைப் பற்றிச் சொல்லவேண்டும். மூன்றாம் திருப்புதல் தேர்வில் ‘கடைசிப் பாடம்’ மறுபடியும் வந்தது. அவள் ஆறு வாக்கியம் எழுதியிருந்தாள். இரண்டில் காலம் தவறு. ஒரு பெயருக்கு எழுத்துப்பிழை. ஆனால் ஊர்க்காரர்கள் ஏன் பின்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள் என்பது அதில் இருந்தது. எந்தக் கைடிலும் இல்லாத, அவளே அமைத்த வாக்கியம் அது. ஐந்துக்கு மூன்று கொடுத்தேன். அரையாண்டில் பிழையே இல்லாத ஒரு பக்கத்துக்குப் பூஜ்யம் வாங்கியவள், பிழையோடு வாங்கிய மூன்று.

பெட்டிப் பாடம் நடந்த வாரத்தில் அவள் இன்னொன்றும் சொன்னாள். வீட்டுக்கு எடுத்துப்போன பெட்டியில் இருந்த எச்சரிக்கையை அம்மாவுக்குப் படித்துத் தமிழில் சொன்னாளாம். “இத்தனை வருசமா இத ஒட்டுறேன், இதான் எழுதியிருக்கான்னு இன்னைக்குத்தான் தெரியுது” என்றாராம் அம்மா. பொதுத்தேர்வில் அவள் தேறினாள். மேல்நிலை வகுப்பில் சேர்ந்திருக்கிறாள்.

இந்த ஆண்டு திருப்புதலைத் தொடங்கும் ஆசிரியர்கள், முதல் நாளில் முக்கிய வினாக்களின் பட்டியலைக் கொடுக்குமுன் ஒரு வெற்றுத்தாளையும் ஏழு நிமிடத்தையும் கொடுத்துப் பாருங்கள். திரும்பி வரும் தாள்களைத் திருத்த வேண்டாம், அடுக்கிவைத்துப் படித்தால் போதும். எந்தப் பிள்ளைக்கு எங்கிருந்து தொடங்கவேண்டும் என்பது அவற்றில் தெரிந்துவிடும்.